டேவிட் லிஞ்ச் படங்களில் எது உச்சம், எது சறுக்கல்? சென்னையில் ஒரு விவாதக் கூட்டம் நடத்துவது எப்படி

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்திச் சண்டை போட நான்கு பேர் போதும். வாட்ஸப் குழு ஒரே நாளில் தொடங்கிவிடும், பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும். ஒருவர் பார்த்தது 'டூன்' படத்தின் நீட்டிய டிவி வடிவமாக இருக்கும். இன்னொருவர் 'முல்ஹாலண்ட் டிரைவ்' பற்றிய யூடியூப் விளக்கத்தை மட்டும் பார்த்திருப்பார். மூன்றாமவர் 'இன்லாண்ட் எம்பயர்' படத்தை போனில், பாதியில் நிறுத்திய நிலையில் வைத்திருப்பார். ஆளுக்கொரு பொருளைப் பார்த்தவர்கள் எத்தனை மணி நேரம் பேசினாலும் தரவரிசை வராது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் விவாதத்துக்கு முந்தைய வேலைகள்தான்: பிரதி, அனுமதி, அரங்கு, செலவு, வாக்குச்சீட்டு.

1. படம் காட்டப் போகிறீர்களா, பேச மட்டும் போகிறீர்களா?

மற்ற எல்லாம் இதைப் பொறுத்துதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: படத்தை அவரவர் வீட்டில் பார்க்கட்டும், விவாதத்துக்கு மட்டும் கூடுங்கள். இதற்குப் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி தேவையில்லை, தணிக்கைச் சான்று தேவையில்லை. அரங்கும் நாற்காலியும் டீயும் இருந்தால் கூட்டம் நடந்துவிடும்.

அரங்கில் முழுப் படம் காட்டுவது வேறு கதை. "டிக்கெட் போடவில்லை, இலவசம்தானே" என்பது நிறையப் பேர் விழும் குழி. பொதுவில் காட்டுவதற்கான உரிமை பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளருடையது, பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அமெச்சூர் குழுக்கள் இலவசமாக நிகழ்த்துவதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது நாடகம், இலக்கியம், இசைப் படைப்புகளுக்கு. திரைப்படத்துக்கு அதை நீட்ட முடியாது. ஓடிடி சந்தாவை புரொஜக்டரில் போடுவதும் ஆகாது. அந்தச் சந்தா உங்கள் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே எழுதியிருக்கும்.

விவாதத்தின் நடுவே காட்சித் துண்டுகளைப் போட்டுக் காட்டலாமா? விமர்சனத்துக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் நியாயமான அளவில் பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 இடம் தருகிறது. '30 விநாடி வரை போடலாம்' என்று சொல்லப்படும் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. எந்த வாதத்துக்காக அந்தத் துண்டு தேவை என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் போடாதீர்கள்.

2. பட்டியலையும் பிரதியையும் பூட்டுங்கள்

முழுநீளப் படங்கள் பத்து. அழைப்புச் செய்தியிலேயே ஆண்டோடும் நீளத்தோடும் போட்டுவிடுங்கள்:

எரேசர்ஹெட் (1977, 89 நிமிடம்)
தி எலிஃபண்ட் மேன் (1980, 124)
டூன் (1984, 137)
ப்ளூ வெல்வெட் (1986, 120)
வைல்ட் அட் ஹார்ட் (1990, 125)
ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ (1992, 134)
லாஸ்ட் ஹைவே (1997, 134)
தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி (1999, 112)
முல்ஹாலண்ட் டிரைவ் (2001, 147)
இன்லாண்ட் எம்பயர் (2006, 180)

நீளத்தைப் போடுவது அலங்காரத்துக்கு அல்ல. ஒருவர் கையில் இருக்கும் 'டூன்' மூன்று மணி நேரம் ஓடினால் அது டிவிக்காக நீட்டிய வடிவம். லிஞ்ச் அதிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி, இயக்குநர் இடத்தில் 'ஆலன் ஸ்மிதி' என்ற புனைபெயர் வந்த வடிவம் அது. 137 நிமிட வடிவத்திலும் இறுதி எடிட்டிங் உரிமை அவரிடம் இல்லை. அந்தச் சர்ச்சையைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். வாக்கு மட்டும் 137 நிமிட வடிவத்துக்குத்தான் என்று எழுதிவிடுங்கள்.

லிஞ்சின் 'ட்வின் பீக்ஸ்' டிவி தொடரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 2017இல் வந்த 18 பகுதிகளைச் சேர்த்தால் அது முதலிடத்துக்குப் பாயும், சேர்க்காவிட்டால் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். சேர்க்காதீர்கள். முகத்தைத் தூக்கியவர்களுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். ஆனால் அந்தத் தொடரின் கதையை ஒட்டி வந்த 'ஃபயர் வாக் வித் மீ' படத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: 1990-91இல் வந்த 30 பகுதிகளைப் பார்க்காதவர் அந்தப் படத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது, 'பார்க்கவில்லை' கட்டத்தில் டிக் போட வேண்டும். தொடர் தெரியாமல் பார்ப்பவருக்கு முதல் அரைமணி நேரம் யாரோ ஒருவருடைய குடும்பச் சண்டைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். அந்தக் குழப்பம் படத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

டிஸ்க் வாங்குபவர்களுக்கு: தேர்ந்தெடுத்த படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் புளூரேக்கள் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் தட்டு உள்ளே போகும், படம் வராது. 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் புளூரேவுக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஆர்டர் போடும்போது திரையில் தெரியும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. ஓடிடியில் பார்ப்பவர்கள் முதல் நாளே பத்தும் எங்கெங்கே கிடைக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்தப் படங்கள் மாதம் மாறினால் தளம் மாறும், சில காணாமலும் போகும்.

3. பார்க்கும் வரிசையும் காலமும்

பத்துப் படங்களும் சேர்ந்து 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாரம் ஒன்று என்றால் பத்து வாரம், இரண்டரை மாதம். புதியவர்கள் அதிகம் இருந்தால் பத்தைத் தொடாதீர்கள். ஐந்து போதும்: எலிஃபண்ட் மேன், ப்ளூ வெல்வெட், லாஸ்ட் ஹைவே, ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி, முல்ஹாலண்ட் டிரைவ். இதே வரிசையில்.

வெளியான வரிசையில் பார்ப்பது புதியவர்களுக்குச் சரிவராது. 'எரேசர்ஹெட்'டில் தொடங்கினால் இரண்டாம் வாரமே குழுவில் பாதி அமைதியாகிவிடும். 'எலிஃபண்ட் மேன்' நேர்க்கோட்டில் கதை சொல்லும் படம். அதில் வரும் புகையும் இயந்திர இரைச்சலும் கண்ணுக்கும் காதுக்கும் பழகிய பிறகு 'எரேசர்ஹெட்' பார்த்தால் பயம் குறையும், ரசனை கூடும்.

சென்னைக் காலண்டரையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, டிசம்பரில் கச்சேரிகளும் திரைப்பட விழாவும், அதன் பிறகு பொங்கலும் புத்தகக் காட்சியும். நல்ல அரங்குகள் அந்த மாதங்களில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆள் வராது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், ஜூலை முதல் செப்டம்பர் வரையும் வசதி.

4. திரையிட்டே தீருவேன் என்பவர்களுக்கான ஆவணங்கள்

இரண்டு தனித்தனி அனுமதிகள். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

முதலாவது, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. லிஞ்சின் படங்கள் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. 'டூன்' யுனிவர்சல் வெளியிட்டது, 'ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' அமெரிக்காவில் டிஸ்னி, 'முல்ஹாலண்ட் டிரைவ்' பிரான்சின் 'ஸ்டுடியோகனால்' நிறுவனம் பணம் போட்ட படம். பத்துப் படம் என்றால் பல கடிதங்கள் எழுத வேண்டியிருக்கும். கடிதத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: படத்தின் பெயரும் ஆண்டும், திரையிடும் நாள், அரங்கின் பெயர், இருக்கை எண்ணிக்கை, எத்தனை காட்சி, கட்டணம் உண்டா இல்லையா, எந்த வடிவில் போடப் போகிறீர்கள், டிஸ்க்கா கோப்பா. இதில் ஒன்று விடுபட்டாலும் பதிலுக்கு அந்தக் கேள்விதான் வரும், இன்னும் சில வாரம் போகும். குறைந்தது இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள்.

இரண்டாவது, தணிக்கை. பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்று வேண்டும். அமெரிக்க 'ஆர்' மதிப்பீடு இங்கே செல்லாது. சென்னை மண்டலத் தணிக்கை அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் காட்சிக்காகத் தனி ஆட்கள் அந்தப் படி ஏறுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால்தான் இந்த ஆர்வம் உள்ளவர்கள் பிலிம் சொசைட்டி வழியாகப் போகிறார்கள்: பதிவு பெற்ற சங்கம், உறுப்பினர்களுக்கு மட்டும் காட்சி, இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் இணைப்பு.

புதுச் சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். தயாராக வைத்திருக்க வேண்டியவை: நோக்க அறிக்கை, துணைவிதிகள், ஏழு பேரின் அடையாள, முகவரிச் சான்றுகள், அலுவலக முகவரிக்கான ஆதாரம் (வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம்), நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் தீர்மானம். பதிவுக்குப் பிறகு சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. பெயர் தேர்வில்தான் பலர் சிக்குகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போனால் திருப்பிவிடுவார்கள். மூன்று பெயர் கைவசம் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், ஒரு இயக்குநரின் படங்களுக்காகச் சங்கம் தொடங்குவது அதிகம். சென்னையில் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன்போல ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளில் உறுப்பினராகி, 'லிஞ்ச் வாரம்' போடலாமா என்று கேட்பது குறுக்கு வழி, நல்ல வழியும்கூட.

மொட்டை மாடித் திரையிடல் பற்றி ஒரு வார்த்தை. அனுமதிச் சிக்கல் அங்கேயும் அதேதான். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கோடையில் ஏழு மணிக்கு முன் திரை தெளியாது. அதனால் மூன்று மணி நேர 'இன்லாண்ட் எம்பயர்' மாடிக்குப் பொருந்தாது. பக்கத்துத் தெருவிளக்கு கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாம்பல் ஆக்கிவிடும்.

5. அரங்கும் பணமும்

மூன்று வகை இடங்கள். கே.கே.நகர், வடபழனி பக்கம் புத்தகக் கடைகளை ஒட்டிய சிறு அரங்குகள்: முப்பது பேருக்கு, விவாதத்துக்குக் கச்சிதம். நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை பக்கம் வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள்: வசதி நன்றாக இருக்கும், ஆனால் தங்கள் நாட்டுப் படைப்புகளுக்கே முன்னுரிமை; அமெரிக்க இயக்குநருக்கு இடம் கேட்டால் தயங்குவார்கள். சாலிகிராமம், வடபழனி பிரிவியூ தியேட்டர்கள்: ஒலியும் திரையும் பிரமாதம், வாடகையும் அப்படியே, தயாரிப்பாளர் காட்சி ஒன்று வந்தால் உங்கள் நேரம் தள்ளிப்போகும்.

வாடகை கேட்கும்போது இந்த ஐந்தையும் சேர்த்துக் கேளுங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம், ஆபரேட்டருக்குத் தனிப்பணமா, முன்பணம் எப்போது திரும்பும், ஏற்பாட்டுக்கான அரைமணி நேரம் கணக்கில் வருமா.

ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகளை உங்கள் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 6,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080, ஆபரேட்டர் 1,000, டீயும் பஜ்ஜியும் 1,000, சீட்டு அச்சு 300. மொத்தம் 9,380. பெயர் கொடுத்த 25 பேரும் வந்தால் தலைக்கு 375. பதினேழு பேர் வந்தால் 552. மூன்றில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்தே பங்குத்தொகை சொல்லுங்கள், முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிவிடுங்கள். மீந்தால் அடுத்த கூட்டத்துக்கு. விவாதத்துக்குச் செலவைப் பங்கிடுவதில் சிக்கல் இல்லை. படம் காட்டும் நாளில் வாசலில் பணம் வாங்கினால் அது டிக்கெட் என்றே பார்க்கப்படும்.

மெட்ரோ இரவு 11 மணி வரை. தாம்பரம், ஆவடி போகிறவர்கள் ஒன்பதரைக்கே எழுந்துவிடுவார்கள். விவாதத்தை மாலை 4 மணிக்குத் தொடங்கி 7.30க்கு முடியுங்கள். பகல் நேர அரங்கு எடுத்தால் அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். அதில் ஏசி ஓடாது.

6. ஒலியும் படமும்

லிஞ்ச் படங்களில் பாதி ஒலியில் இருக்கிறது. 'எரேசர்ஹெட்'டில் தொடர்ந்து கேட்கும் அடிநாத இரைச்சல் லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதை அப்படிப் பார்த்தவர் 'மெதுவான படம்' என்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். வீட்டில் பார்ப்பவர்கள் குறைந்தது நல்ல ஹெட்போன் போடட்டும். போனில் படம் பார்ப்பதை லிஞ்ச் கடுமையாகத் திட்டிய வீடியோ ஒன்று உண்டு. குழுவில் ஒருமுறை பகிருங்கள், நீங்கள் திட்ட வேண்டியதில்லை.

டிவியில் அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைக்கச் சொல்லுங்கள். 'இன்லாண்ட் எம்பயர்' சோனி பிடி-150 என்ற சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்தது. படம் கலங்கலாகத் தெரிந்தால் பிரதி மோசம் என்று பொருள் இல்லை, அவர் அப்படித்தான் எடுத்தார். 'முல்ஹாலண்ட் டிரைவ்' படத்தில் கிளப் சிலென்சியோ என்ற இரவு அரங்கில் பாடும் பாடல் ஸ்பானிஷில் வரும். அதற்கு சப்டைட்டில் வரவில்லை என்று கோப்பைத் தேடி அலைய வேண்டாம்.

துண்டு காட்டப் போகிறீர்கள் என்றால் நேரக்குறிப்பை முன்பே எழுதி வையுங்கள். 'முல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியில் அத்தியாயப் பிரிப்பே கிடையாது. கூட்டத்தின் முன்னால் ஓட்டித் தேடினால் பத்து நிமிடம் போய்விடும், நடுவில் முடிவும் தெரிந்துவிடும்.

7. வாக்குச்சீட்டு

பேச்சு தொடங்கும் முன்பே சீட்டை வாங்கிவிடுங்கள். பேசிய பிறகு வாங்கினால் உரக்கப் பேசுபவரின் பட்டியல்தான் எல்லோருடைய பட்டியலாகவும் வரும்.

சீட்டில் பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண், பக்கத்தில் 'பார்க்கவில்லை' கட்டம். கீழே இரண்டு தனி வரிகள்: 'சிறந்தது', 'மோசமானது'. மோசமானதைத் தனியாகக் கேட்பது முக்கியம். பலருக்குக் குறைந்த மதிப்பெண் பெற்ற படம் வேறு, கோபம் வரவழைத்த படம் வேறு.

கூட்டுத்தொகை போடாதீர்கள், சராசரி போடுங்கள். கூட்டுத்தொகையில் குறைவானவர்கள் பார்த்த 'ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' தானாகவே கீழே போகும். சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் 10, ஆறு பேர் 1 போட்ட படத்தின் சராசரி 5.5. ஆறு பேர் 5, ஆறு பேர் 6 போட்ட படத்துக்கும் அதே 5.5. முதல் படம் சண்டைக்குரியது, இரண்டாவது யாருக்கும் அக்கறை இல்லாதது. எனவே சராசரிக்குப் பக்கத்தில் மிகக் கூடிய, மிகக் குறைந்த மதிப்பெண்ணையும் பலகையில் எழுதுங்கள். எந்தப் படத்தில் இடைவெளி பெரிதோ அந்தப் படத்தில் விவாதத்தைத் தொடங்குங்கள். பாதிப் பேருக்கு மேல் பார்க்காத படத்தைப் பட்டியலில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

ஜோடி ஜோடியாக மோதவிடும் ஆசை வரும். பத்துப் படத்துக்கு 45 ஜோடி. ஜோடிக்கு இரண்டே நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம். செய்யாதீர்கள்.

8. விவாதம்

அதற்குப் பதில் நான்கு ஜோடிகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். ஒப்பிட ஏதாவது பொதுவாக இருக்கும் ஜோடிகளாக எடுங்கள்:

'லாஸ்ட் ஹைவே', 'முல்ஹாலண்ட் டிரைவ்'. இரண்டிலும் ஒரு ஆள் இன்னொரு ஆளாக மாறி, கதை உடைந்து மீண்டும் தொடங்குகிறது. முதலாவது ஏன் பலருக்கு மனதில் ஒட்டாததாகவும் இரண்டாவது ஏன் நெஞ்சைப் பிசைவதாகவும் இருக்கிறது? இந்த ஒரு கேள்வியே 25 நிமிடத்தைத் தின்றுவிடும்.

'எலிஃபண்ட் மேன்', 'ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'. இரண்டும் நிஜ மனிதர்கள், இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஃப்ரெடி ஃப்ரான்சிஸ். "இது லிஞ்ச் படமே இல்லை" என்று இரண்டாவதை ஒதுக்குபவர்களை இங்கே மடக்கலாம். தெருமுனையில் நிற்கும் அமைதியை லிஞ்ச்போல் யார் நீட்டுவார்?

'எரேசர்ஹெட்', 'இன்லாண்ட் எம்பயர்'. இரண்டும் ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக எடுத்தவை. முதலாவது ஒரு சட்டகம்கூட வீணாகாத படம். இரண்டாவதில் அரைமணி நேரம் கத்தரித்திருக்கலாம் என்பது எங்கள் கட்சி. கடைசி நாற்பது நிமிடத்துக்காக மன்னிக்கலாம் என்பது எதிர்க்கட்சி.

'டூன்', 'வைல்ட் அட் ஹார்ட்'. மோசமானது எது என்ற சுற்றுக்கு. 'டூன்' சுலபமான இலக்கு, தயாரிப்பாளர் கைவைத்த படம் என்ற சாக்கும் உண்டு. 'வைல்ட் அட் ஹார்ட்' கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கியது, அவர் விருப்பப்படி வந்தது. சாக்கு இல்லாத சறுக்கல்தான் உண்மையான சறுக்கல் என்று வாதிட இடம் இருக்கிறது. விருதைக் காட்டி வாயடைக்க முயல்பவருக்கு: 'ஃபயர் வாக் வித் மீ'க்கு அதே கானில் இரண்டு ஆண்டு கழித்து மோசமான வரவேற்பு, இன்று அதை மேலே வைப்பவர்கள் ஏராளம்.

'ப்ளூ வெல்வெட்' வரும்போது அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டை இழுங்கள். அதற்கு ஒரு நட்சத்திரம், 'முல்ஹாலண்ட் டிரைவ்'வுக்கு நான்கு கொடுத்தவர். நடிகையைப் படம் நடத்திய விதத்தில்தான் அவருக்குக் கோபம். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் எந்தப் புகழ்ச்சியும் அரைகுறை.

விதிகள் மூன்று போதும். 'குறியீடு' என்று சொன்னால் எந்தக் காட்சி, எந்த ஒலி, எந்தப் பொருள் என்று உடனே சொல்ல வேண்டும். 'எல்லாம் கனவு' என்பது விளக்கமாகலாம், மதிப்பீடாகாது. கனவாக இருந்தால் அது நல்ல படமா என்பதுதான் கேள்வி. 'புரியவில்லை' என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் எங்கே கைவிட்டது என்று சொல்ல வேண்டும். புதியவர்களின் இந்தப் பதில்கள்தான் பெரும்பாலும் நல்ல வாதத்தைத் தொடங்கிவைக்கும், ஆகவே அவர்களை முதலில் பேசவிடுங்கள். லிஞ்ச் என்ன நினைத்தார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2025 ஜனவரியில் இறக்கும்வரை 'எரேசர்ஹெட்' படத்தின் பொருளைக்கூட அவர் விளக்கவில்லை.

அழைப்பிலேயே 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று போடுங்கள், பாலியல் வன்முறை பற்றிய பேச்சு வரும் என்றும் போடுங்கள். 'ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' மட்டும் விதிவிலக்கு. பாட்டியைக்கூட அழைத்து வரலாம்.

9. முடிந்த பிறகு

இரண்டாம் முறை சீட்டு கொடுத்து மறுபடி மதிப்பெண் வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை. எந்தப் படம் எத்தனை இடம் ஏறியது, இறங்கியது என்பதை அன்றிரவே குழுவில் போடுங்கள். சீட்டுகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மறைத்து. அரங்க முன்பணத்துக்கு ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.